படகில் 12 வோல்ட் சாக்கெட் போடப் போகிறீர்களா? எதற்கு எது, எங்கே, எப்படி

12 வோல்ட்தானே, கை பட்டாலும் ஷாக் அடிக்காது, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் படகில் இந்த சாக்கெட்டுகளால் வருகிற ஆபத்து சூடும் தீயும். 120 வாட் வேலை ஒன்றை 230 வோல்ட்டில் செய்ய ஏறக்குறைய அரை ஆம்ப் போதும், அதே வேலைக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்ப் ஓட வேண்டும், ஆம்ப் இரண்டு மடங்கானால் இணைப்பில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சாக்கெட்டுக்குள் பிளக் தொடுகிற இடத்தில் கொஞ்சம் களிம்பு பிடித்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 10 ஆம்ப் ஓடும்போது அந்தச் சின்னப் புள்ளியில் மட்டும் 10 வாட் சூடு. மட்டமான பிளாஸ்டிக் இளகி உருக அது தாராளம். இதில் மோசமான விஷயம் என்னவென்றால் ஃபியூஸ் போகாது. ஓடுவது அதே 10 ஆம்ப்தானே, ஃபியூஸைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது.

அதனால் ஒரே வகை சாக்கெட்டில் நாலைந்து வாங்கிப் படகு முழுக்கப் போட்டுவிடலாம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். எதைச் செருகப் போகிறீர்கள், அது எத்தனை ஆம்ப் இழுக்கும், எவ்வளவு நேரம் ஓடும், சாக்கெட் எந்த இடத்தில் உட்காரும், இவ்வளவும் தெரிந்த பிறகுதான் எந்த சாக்கெட் என்ற கேள்விக்கே வர வேண்டும்.

கணக்கை முதலில் போடுங்கள்

ஒரு தாளில் படகில் செருகுகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். வாட்டை 12-ஆல் வகுத்தால் ஆம்ப். கைபேசி சார்ஜ் ஆக ஒன்று, இரண்டு ஆம்ப் போதும். கையடக்க விஎச்எஃப் ரேடியோ (படகுகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுவது), டார்ச் எல்லாம் அதைவிடக் குறைவு. மடிக்கணினி 60 முதல் 100 வாட் என்றால், மாற்றியில் வீணாவதையும் சேர்த்து 5 முதல் 9 ஆம்ப். கம்ப்ரசர் வைத்த சின்ன ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 6 ஆம்ப் என்பது சாதாரணம். ரப்பர் டிங்கிக்கு, அதாவது காற்றடைத்த சின்னப் படகுக்கு, காற்றடிக்கும் பம்ப் 10 ஆம்பைத் தாண்டிப் போகும். 150 வாட் இன்வர்ட்டரை முழுச் சுமையில் ஓட்டினால் 13, 14 ஆம்ப்.

ஆம்ப் மட்டும் பார்த்தால் போதாது, நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பம்ப் 10 ஆம்ப் இழுத்தாலும் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுவீர்கள், பக்கத்திலேயே நிற்கவும் செய்வீர்கள். ஃபிரிட்ஜ் 5 ஆம்ப்தான், ஆனால் இரவு பகலாக, நீங்கள் தூங்கும்போதும் கரையில் இருக்கும்போதும் ஓடும். என்னைக் கேட்டால் இந்த இரண்டில் கவலைப்பட வேண்டியது ஃபிரிட்ஜ்தான். 15 ஆம்புக்கு மேல் போகிற எதையும் சாக்கெட்டில் கொண்டுவராதீர்கள், தனி ஃபியூஸ் போட்டு நேராக வயர் இழுத்துவிடுங்கள். இன்வர்ட்டரும் அந்தப் பட்டியலில்தான் வரும், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி.

சிகரெட் லைட்டர் சாக்கெட்

எல்லாப் படகிலும் இருப்பது இதுதான், எல்லாக் கருவிக்கும் பிளக் கிடைப்பதும் இதற்குத்தான், அதனால் முழுக்க ஒதுக்கவும் முடியாது. ஆனால் இந்த வடிவம் பிறந்ததே சூடான கம்பிச் சுருள் ஒன்றைச் சில விநாடி பிடித்து வைக்கத்தான். மணிக்கணக்கில் மின்சாரம் எடுக்கும் எண்ணத்தில் யாரும் இதை வடிவமைக்கவில்லை. உள்விட்டம் சுமார் 21 மி.மீ., சற்றுப் பெரிய இன்னொரு அளவும் புழக்கத்தில் இருக்கிறது, அதனால் ஒரு பிளக் ஒரு சாக்கெட்டில் இறுக்கமாகவும் இன்னொன்றில் ஆடிக்கொண்டும் நிற்கும். நடுமுனையில் இருக்கிற ஸ்பிரிங் பிளக்கை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், பக்கத்து இரண்டு தகடுகளின் பிடிதான் அதை உள்ளே நிறுத்தி வைக்கிறது. எஞ்சின் அதிர்வும் அலையின் குலுக்கலும் சேர்ந்தால் பிளக் மெல்ல மெல்ல நகரும். முழுசாக வெளியே வந்துவிட்டால்கூடப் பரவாயில்லை, பாதி தொட்டும் பாதி தொடாமலும் நின்றால்தான் பொறி பறக்கும், சூடு ஏறும்.

இன்னொன்றும் உண்டு. நடுமுனை பாசிட்டிவ், சுற்றியுள்ள கூடு நெகட்டிவ், இரண்டும் திறந்த வாய்க்குள் அருகருகே. ஒரு சாவியோ நாணயமோ தூண்டில் முள்ளோ உள்ளே விழுந்தால் நேரடி ஷார்ட். மூடி இல்லாத சாக்கெட்டைப் படகில் வைக்கவே வேண்டாம்.

இதைத்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் கையில் எடுத்து இதையெல்லாம் பாருங்கள். உலோகக் கூட்டில் காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்கிறதா? ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு, உப்புக் காற்றில் ஒரு பருவம் தாங்குவதே பெரிது. நிக்கல் முலாம் பூசிய பித்தளையாக இருப்பது நல்லது. பின்பக்க முனைகள் தகட்டை மடித்து ரிவெட் அடித்ததா, ஒரே துண்டாக வந்ததா? ரிவெட் அடித்த இடம் தளர்ந்தால் அங்கேயும் ஒரு சூட்டுப்புள்ளி உருவாகும். 15 ஆம்ப் என்று அச்சடித்திருந்தாலும் தொடர்ந்து ஓட்ட 8 ஆம்ப், மிஞ்சிப்போனால் 10 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைச் செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்கிற வகைகளும் கிடைக்கின்றன. அதற்கேற்ற பிளக்கோடு சேர்த்து வாங்கினால் மேலே சொன்ன ஸ்பிரிங் பிரச்சினையில் பெரும்பங்கு தீர்ந்துவிடும்.

சின்ன டின் சாக்கெட்

ஹெல்லா சாக்கெட், மெரிட் சாக்கெட், டின் (DIN என்ற ஜெர்மன் தரத்தின் பெயர்) சாக்கெட் என்று பல பெயர், தரம் ஒன்றுதான்: ஐஎஸ்ஓ 4165. உள்விட்டம் 12 மி.மீ. அளவு. மோட்டார் சைக்கிள்களிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். பிளக் உள்ளே போகும்போது சட்டென்று பிடித்துக்கொள்ளும், இழுத்தால்தான் வரும், அதிர்வுக்குத் தளராது. 12 வோல்ட்டில் 16 ஆம்ப் வரை என்று போட்டிருப்பார்கள், நல்ல தயாரிப்பாக இருந்தால் 10 ஆம்பை மணிக்கணக்கில் தாராளமாகத் தாங்கும். ஃபிரிட்ஜுக்கும் காற்றுப் பம்புக்கும் தேடுவிளக்குக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு வளையத்தைக் கழற்றினால் சின்ன சாக்கெட்டிலும், மாட்டினால் லைட்டர் சாக்கெட்டிலும் போகிற இரட்டை பிளக்குகள் கிடைக்கின்றன, கருவியின் வயரை வெட்டி அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கமும் வேலை செய்யும். வயரை வெட்டும் முன் எந்த நரம்பு பாசிட்டிவ் என்று மல்டிமீட்டரில் பார்த்து அடையாளம் வைத்துவிடுங்கள், மாறிப்போனால் கருவி அந்த நொடியே போய்விடக்கூடும்.

ஆண்டர்சன் பவர்போல் என்ற இணைப்பான் வகையும் நன்றாக இருக்கும். 15, 30, 45 ஆம்ப் மூன்றுக்கும் வெளிக்கூடு ஒன்றே, உள்ளே போகிற முனைதான் மாறும், முனைகள் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டு சேர்வதால் தொடர்பு சுத்தமாகவே இருக்கும். தண்ணீருக்கு இதில் எந்தத் தடுப்பும் இல்லை என்பதால் கேபினுக்குள் மட்டும். சுமை ஓடும்போது பிடுங்கும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

யுஎஸ்பி

கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் லைட்டர் சாக்கெட்டில் ஒரு அடாப்டரைச் செருகி அதில் கேபிளைச் செருகுவதைவிட, நேராகப் பலகையில் பொருத்துகிற யுஎஸ்பி சாக்கெட் எவ்வளவோ மேல், ஆடுகிற இணைப்பு ஒன்று குறைகிறது அல்லவா. சி வகை சாக்கெட் பவர் டெலிவரியோடு வந்தால் 5, 9, 15, 20 வோல்ட் என்று கருவி கேட்பதைக் கொடுக்கும், 20 வோல்ட்டில் 5 ஆம்ப் வரை, அதாவது 100 வாட். மடிக்கணினிக்கு இன்வர்ட்டரே வேண்டாம் என்றாகிவிடும். அந்த 100 வாட்டுக்கு 12 வோல்ட் பக்கத்தில் 9 ஆம்ப் போகும், ஆகவே கைபேசி சார்ஜர்தானே என்று மெல்லிய வயரை இழுத்துவிடாதீர்கள்.

வாங்கும்போது உள்ளீட்டு வோல்ட்டேஜைப் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4-க்கும் மேலே போகும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது சட்டென்று இறங்கும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்குவது நல்லது. அப்புறம் இந்த சாக்கெட்டுகளில் ஒரு நீல விளக்கோ வோல்ட்மீட்டரோ இருக்கும், யாரும் எதையும் செருகாதபோதும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 20 மில்லிஆம்ப் என்று வைத்தால் ஒரு மாதத்தில் 14 ஆம்ப்-மணி போய்விடும். வாரக்கணக்கில் கட்டிப்போடுகிற படகு என்றால் இந்த சாக்கெட்டுக்கு முன்னால் ஒரு ஸ்விட்ச் கட்டாயம்.

ரேடியோ இரைச்சலைப் பற்றி விற்பவர்கள் வாயே திறப்பதில்லை. யுஎஸ்பி சாக்கெட்டுக்குள் வேகமாக ஆன், ஆஃப் ஆகிற மாற்றிச் சுற்று ஒன்று இருக்கிறது, மட்டமான தயாரிப்பில் அதன் இரைச்சல் விஎச்எஃப் அலைவரிசை வரை எட்டும். கடலில் உதவி அழைப்புக்கான சேனல் 16 இருப்பது அந்த அலைவரிசையில்தான், 156.8 மெகாஹெர்ட்ஸில். சோதிப்பது சுலபம்: ரேடியோவை ஆன் செய்து, இரைச்சலை அடக்குகிற ஸ்குவெல்ச் குமிழை, இரைச்சல் அடங்குகிற எல்லையில் நிறுத்துங்கள், பிறகு சார்ஜரில் கைபேசியைச் செருகுங்கள். ஸ்பீக்கர் இரைய ஆரம்பித்தால் அந்த சாக்கெட் அந்த இடத்துக்கு வேண்டாம். தூரத்திலிருந்து வருகிற பலவீனமான உதவி அழைப்பு உங்கள் காதுக்கு எட்டாமல் போக இந்த இரைச்சல் போதும், இதை அலட்சியப்படுத்தவே கூடாது. காந்தத் திசைகாட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் ஒரு வேலை: சாக்கெட்டுக்குப் போகிற இரண்டு வயரையும் முறுக்கிப் பின்னி இழுங்கள், காந்தம் வைத்த மூடியோ கைபேசிப் பிடிப்பானோ அங்கே வேண்டாம், முள் விலகும்.

வீட்டு சாக்கெட்டை 12 வோல்ட்டுக்குப் போடாதீர்கள்

சுவரில் போடுகிற சாக்கெட் மலிவு, பிளக்கும் எங்கேயும் கிடைக்கும், அதையே 12 வோல்ட்டுக்கு வைத்தால் என்ன என்று சிலர் செய்துவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். நீங்கள் இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் அந்த 12 வோல்ட் விளக்கைக் கரையில் 230 வோல்ட்டில் செருகுவார். ஏபிஒய்சி என்ற அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் தரத்திலும் நேர்மின்னோட்டத்துக்கான (டிசி) பிளக் மாறுமின்னோட்ட (ஏசி) சாக்கெட்டில் போகவே கூடாது என்று இருக்கிறது. வீட்டு ஸ்விட்சுக்கும் வேறு ஒரு சிக்கல்: மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறையாவது பூஜ்யத்தைத் தொடும், ஸ்விட்ச் திறக்கும்போது வருகிற பொறி அதில் தானாக அணையும், நேர்மின்னோட்டத்தில் அந்த வசதி கிடையாது, பொறி நீண்டு முனையைத் தின்றுவிடும். ஆகவே டிசி எத்தனை ஆம்ப் என்று தனியாக எழுதியிருக்கிற ஸ்விட்சை மட்டும் எடுங்கள். தவறான சாக்கெட்டில் செருகிவிடும் அதே ஆபத்தால், படகில் 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் இருந்தால் இரண்டுக்கும் வேறு வேறு வடிவ சாக்கெட் போடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டினால் போதும் என்று விடாதீர்கள், இருட்டில் அதை யார் படிக்கப் போகிறார்கள்.

எங்கே பொருத்துவது

பெட்ரோல் எஞ்சின் அறை, பெட்ரோல் டேங்க் இருக்கும் அறை, கேஸ் சிலிண்டர் வைக்கும் பெட்டி, இந்த மூன்றிலும் எந்த சாக்கெட்டும் கூடாது. பெட்ரோல் ஆவியும் சமையல் கேஸும் காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கும்போது வருகிற சின்னப் பொறி அதற்குப் போதும். இப்படிப்பட்ட அறைகளில் வைக்கிற மின்கருவிகளுக்குப் பற்றவைக்காத வகை என்று தனித் தரம் உண்டு, ஐஎஸ்ஓ 8846, ஆனால் திறந்த வாய் உள்ள சாக்கெட் அந்த வேலைக்கு வராது. பேட்டரிப் பெட்டிக்குள்ளும் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அது பற்றும்.

அலுமினியப் படகோ இரும்புப் படகோ வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். லைட்டர் சாக்கெட்டின் வெளிக்கூடு நெகட்டிவ் என்று சொன்னேன். உலோகக் கூடு உள்ள சாக்கெட்டை அலுமினியப் பலகையில் துளை போட்டு நேராக இறுக்கினால் படகின் உடம்பு முழுக்க பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்துவிடும், அப்புறம் எங்கோ ஒரு கசிவு வந்தால் மின்சாரம் உடம்பு வழியாகத் தண்ணீருக்குள் போய் அலுமினியத்தை அரித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் உடம்புள்ள சாக்கெட்டையே எடுங்கள், பொருத்திய பிறகு, மற்ற இணைப்புகளைக் கழற்றிவிட்டு, நெகட்டிவ் முனைக்கும் படகின் உடம்புக்கும் நடுவே மல்டிமீட்டரில் தடையைப் பாருங்கள், தொடர்பு இருக்கவே கூடாது.

தண்ணீர் விஷயத்தில் ஐபி எண்ணை (தூசும் தண்ணீரும் எந்த அளவு புகாது என்று சொல்லும் எண்) நம்பும் முன் அது எந்த நிலைக்கு என்று பாருங்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று கணக்கு, ஆனால் அநேகமாக எல்லா சாக்கெட்டிலும் அது மூடி போட்டிருக்கும்போது மட்டும்தான். பிளக் செருகியிருக்கும்போது அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பின்பக்கம் திறந்தே இருப்பதும் உண்டு. ஆகவே நிற்கிற சுவரில் பொருத்துங்கள், மேல்நோக்கி வாய் திறந்திருக்கும்படி கிடைமட்டப் பலகையில் வேண்டாம், அதில் தண்ணீர் குளம் கட்டும். தானாக மூடிக்கொள்கிற ஸ்பிரிங் மூடி, கையால் அமுக்கி மூட வேண்டிய ரப்பர் மூடியைவிட நல்லது, ரப்பர் மூடி பாதி நேரம் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். பின்னால் வரும் வயரை முனைக்குக் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றுங்கள், வயர் வழியே வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வெளியே திறந்த இடத்தில் இருக்கிற சாக்கெட்டை எப்போதும் ஸ்விட்சில் அணைத்து வைப்பது இன்னொரு காரணத்துக்காகவும் தேவை. மின்சாரம் இருக்கும் முனையில் உப்புத் தண்ணீர் பட்டால் சாதாரணக் களிம்போடு நிற்காது, மின்பகுப்பில் பாசிட்டிவ் முனை கரைந்தே போகும், நல்ல பித்தளைகூட அதற்கு ஈடுகொடுக்காது. அணைத்து வைத்தால் அரிப்பு பல மடங்கு குறையும்.

வயர், ஃபியூஸ்

சாக்கெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பின்னால் வருகிற வயர் சரியில்லை என்றால் பிரயோஜனமில்லை. வயரின் நீளத்தைப் போகவர இரண்டு வழியும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஃபியூஸ் பலகையிலிருந்து சாக்கெட் 5 மீட்டர் தூரம், 8 ஆம்ப் சுமை என்றால் மொத்தம் 10 மீட்டர் வயர். 1.5 சதுர மி.மீ. வயரில் 0.93 வோல்ட் குறையும், 2.5-ல் 0.56, 4-ல் 0.35. ஏபிஒய்சி முக்கியமான கருவிகளுக்கு 3 சதவீதம் வரையும் மற்றவற்றுக்கு 10 சதவீதம் வரையும் வோல்ட் குறையலாம் என்கிறது, அதன்படி 1.5 வயர்கூட செல்லும் என்று வாதாடலாம். ஆனால் ஃபிரிட்ஜுகள் வோல்ட் குறைந்தால் தாமாக நின்றுவிடும், பேட்டரி பாதி காலியான நேரத்தில் 0.93 வோல்ட்டும் போனால் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகத் திணறும். ஃபிரிட்ஜ் சாக்கெட்டுக்கு 4 சதுர மி.மீ. போடுங்கள், செம்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு வயராக இருக்கட்டும், ஒற்றைக் கம்பி வயர் அதிர்வில் முறியும். முனைகளைச் சரியான கிரிம்ப் கருவியால் நசுக்கி, பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுங்கள். சால்டரை மட்டும் நம்பி விடாதீர்கள், சால்டர் முடிகிற இடத்தில் வயர் விறைத்து அங்கேயே ஒடியும்.

ஃபியூஸ் காப்பாற்றுவது வயரையும் சாக்கெட்டையும், கருவியை அல்ல. வயர் 20 ஆம்ப் தாங்கும், சாக்கெட் 10 ஆம்ப் தாங்கும் என்றால் ஃபியூஸ் 10. இரண்டு சாக்கெட்டை ஒரே ஃபியூஸில் இணைத்தால் இரண்டும் சேர்ந்துதான் அந்த 10. ஃபிரிட்ஜுக்கு எப்போதும் தனி ஃபியூஸ். ஃபியூஸ் பலகையைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக வயர் எடுத்தால் ஃபியூஸை பேட்டரிக்கு மிக அருகில் போடுங்கள், ஏபிஒய்சி சொல்வது 7 அங்குலத்துக்குள் என்பது, அதற்கு விலக்குகளும் உண்டு, ஆனால் அந்த 7 அங்குலத்தையே பழக்கமாக வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனால் அதை நிறுத்த எதுவுமே இல்லை. சில பிளக்குகளுக்குள்ளேயே ஒரு சின்னக் கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், அது கருவிக்காக. அது இருக்கிறது என்று சாக்கெட்டின் ஃபியூஸை விட்டுவிடாதீர்கள்.

பொருத்திய பிறகு

இருப்பதிலேயே அதிகம் இழுக்கிற கருவியைச் செருகி, அது ஓடும்போதே பேட்டரியிலும் சாக்கெட்டின் பின்முனையிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் கணக்கில் வந்ததைவிடத் தெளிவாகக் கூட இருந்தால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்கி, உலோக முனையின் பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அந்தக் கருவிக்கு அந்த சாக்கெட் ஒத்துவராது, ஃபியூஸைப் பெரிதாக்குவதால் இது தீராது. பிளக் பழுப்பேறியிருந்தால், பிளாஸ்டிக் வாசனை வந்தால், முனையைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டாதீர்கள், இளகிய பிளாஸ்டிக்கில் ஸ்பிரிங்கின் பிடி திரும்ப வராது. பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.